தேதி கேட்ட கட்டம்

சீட்டக்கா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். ஒரு டாக்டருடைய கிளினிக்கில் வாசல் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வரிசை எண் எழுதிய சீட்டைக் கிழித்துக் கொடுப்பாள். அதனால் வந்த பெயர். இருபத்திரண்டு வருடம் கொடுத்துக்கொண்டே இருந்ததில், பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே எப்போதாவதுதான் ஞாபகத்துக்கு வரும். வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் மெக்கானிக். பசித்தால் அவரும், "என்னம்மா சீட்டு, சாப்பாட்டுக்கு என் நம்பர் எத்தனை?" என்றுதான் கேட்பார்.

கிளினிக் இரண்டே அறை. வெளியே இரண்டு பெஞ்சும், அவள் மேசையும், சுவர் முழுக்க அலமாரியும். உள்ளே டாக்டர் மேசை, பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். அலமாரியில் அட்டைகள். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. முகத்தைப் பார்த்ததும் அவள் கை தானாக அந்தத் தட்டுக்குப் போகும். பெயரைக் கேட்கிற வேலையே கிடையாது.

யாருக்காவது ஏதாவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால், அவருடைய அட்டையின் மேல் மூலையில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். ஊசியைக் கையில் எடுக்கும் முன் டாக்டர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

"சிவப்பா, வெள்ளையா?"

அவள் வெளியேயிருந்து பதில் சொல்லுவாள். வெள்ளை என்றால் ஊசி. சிவப்பு என்றால் டாக்டர் ஒரு கணம் நின்று, அந்த ஆளை மறுபடி பார்த்து, யோசித்து வேறு மருந்து எழுதுவார். என்ன மருந்து சேரவில்லை, எப்போது சேரவில்லை என்றெல்லாம் அட்டையில் எழுதி வைத்ததில்லை. எதற்கு எழுத வேண்டும்? டாக்டருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், நோயாளிக்கும் தெரியும். அந்த இரண்டு அறைக்குள் அது போதுமானதாகத்தான் இருந்தது.

சிவப்புக் கோடு வாங்கியவர்களில் ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஊரே அவரை 'மெதுவா' என்றுதான் கூப்பிடும். அவர் வண்டியைச் சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போவான். கேட்டால், "உள்ள இருக்கறது மூட்டை இல்லப்பா, புள்ளைங்க" என்பார்.

பதினாலு வருடத்துக்கு முன்னால் தொண்டை வலி என்று வந்தவருக்கு டாக்டர் ஒரு பென்சிலின் ஊசி போட்டார். போட்டுவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர், அவள் அடுத்த சீட்டைக் கிழிப்பதற்குள் முகம் வீங்கி, உதடு நீலம் பாய்ந்து, கீழே சரிந்துவிட்டார். டாக்டர் தரையில் முட்டி போட்டு மாற்று ஊசி போட்டார். அவள் அவருடைய கால்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிட்டாள். அவ்வளவு சத்தமாக அதற்கு முன்னால் அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. கண் திறந்ததும் அவர் சொன்னது இதுதான்.

"சீட்டக்கா, மேல போறதுக்கே சீட்டு கிழிச்சுக் குடுத்துட்டீங்களே. நல்லவேளை, அங்கயும் கூட்டமா இருந்துச்சு, திரும்பி வந்துட்டேன்."

அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டதும் அவள் கைதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்துக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்லாக் கிளினிக்குகளும் தங்கள் நோயாளிகளின் விவரங்களைத் தொண்ணூறு நாளுக்குள் பொதுப் பதிவில் ஏற்ற வேண்டும், முழுவதும் ஏற்றினால்தான் அடுத்த வருடம் கிளினிக் நடத்த அனுமதி என்று இருந்தது. கெட்ட சட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஒருவர் எந்த ஊரில் விழுந்து கிடந்தாலும், அங்குள்ள டாக்டர் அவருடைய உடம்பின் கதையைத் திறந்து பார்க்கலாம். உயிரைக் காப்பாற்றத்தான் அதைக் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, நான் கையால எழுதறதே நாலு நாள் கழிச்சுப் பார்த்தா எனக்குப் புரியாது. இதுல டைப் அடிக்கணுமாம்."

"நான் அடிக்கறேன் ஐயா. ரெண்டு கை இருக்கு, பத்து விரல் இருக்கு."

பத்து விரலில் ஒரு விரல்தான் வேலை செய்தது. கம்ப்யூட்டர் வந்தது. சொல்லிக்கொடுக்க ஒருவர் அரை நாள் வந்தார். ரகசியச் சொல்லை யாருக்கும் தரக்கூடாது என்று அவர் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார். அவர் படி இறங்கியதும் டாக்டர் அதை ஒரு சீட்டில் எழுதி அவளிடம் நீட்டினார். அவள் அடிப்பதெல்லாம் அவர் பெயரில் ஏறும். எல்லாக் கிளினிக்கிலும் அப்படித்தான் நடந்தது.

மொத்தம் நாலாயிரத்து இருநூறு அட்டை. கம்ப்யூட்டர் திரையின் மேலே ஒரு பட்டை இருந்தது. ஏற்ற ஏற்றப் பச்சை நிறம் கொஞ்சம் கொஞ்சமாக நீளும், பக்கத்தில் சதவீதம் காட்டும். வீட்டிலும் அதே பேச்சுத்தான். வீட்டுக்காரர் சமையலறையை எட்டிப் பார்த்து, "அடுப்புல இருக்கறது எத்தனை சதவீதம் வெந்திருக்கு?" என்பார்.

வெள்ளை அட்டைகள் தண்ணீர் மாதிரி ஓடின. சிவப்புதான் மாட்டிக்கொண்டது. 'ஒவ்வாமை' என்று ஒரு இடம். அதில் மூன்று பதில்: உண்டு, இல்லை, தெரியாது. 'உண்டு' என்று அழுத்தினால் உடனே மூன்று கட்டம் திறக்கும். எந்த மருந்து, என்ன ஆனது, எந்தத் தேதி. மூன்றையும் நிரப்பாவிட்டால் அடுத்த பக்கத்துக்கே விடாது. 'தெரியாது' என்று அழுத்தினால் விடும், ஆனால் அந்த ஆளின் பெயர் மஞ்சளாகி நிற்கும், பச்சைக் கணக்கில் சேராது.

சிவப்பு மட்டும் நூற்று நாற்பத்து மூன்று. தனியாக அடுக்கி வைத்தாள்.

"ஒவ்வொருத்தரையா போன்ல கூப்பிட்டுக் கேளு. அவங்களே சொல்லுவாங்க" என்றார் டாக்டர்.

கேட்டாள். எண்பத்திரண்டு பேர் சொன்னார்கள். மிச்சம் அறுபத்தொன்று. சிலர் போனை எடுக்கவில்லை. சிலர் எண் மாறியிருந்தது. மெதுவாவைக் கூப்பிடவே இல்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்? தினமும் காலை ஏழரைக்கு வேன் கிளினிக் வாசலில் நிற்கும். முனை வீட்டு இரட்டைப் பிள்ளைகள் ஏறும் வரை இரண்டு நிமிடம் நிற்கும். அவர் ஜன்னலிலிருந்து கையை உயர்த்துவார், அவளும் பெருக்கிக்கொண்டிருக்கிற துடைப்பத்தோடு கையை உயர்த்துவாள். பிள்ளைகள் சத்தத்தில் என்ன கேட்பது, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். மறுநாளும் அதேதான் நினைத்தாள்.

கெடு முடிய மூன்று நாள் இருந்தது. பச்சைப் பட்டை தொண்ணூற்றெட்டில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. டாக்டர் போகும்போதும் வரும்போதும் திரையை ஒரு பார்வை பார்த்தார். அனுமதி போனால் கிளினிக் இல்லை.

அந்த அறுபத்தொன்றின் அடுக்கில் மேலே இருந்தது மெதுவாவின் அட்டை. 'உண்டு' என்று அழுத்தினாள். எந்த மருந்து? பென்சிலின். என்ன ஆனது? அது அவள் கண்ணெதிரில் நடந்தது, தடவித் தடவி எழுதினாள். எந்தத் தேதி? அங்கேதான் விரல் நின்றது. பழைய அட்டை நிரம்பிப்போய் இது இரண்டாவது அட்டை. பழையதைத் தூக்கிப் போட்டாயிற்று. பதினாலு வருடம் என்று தெரியும். மாதம்? நாள்?

ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்கு அவள் மனம் ஒப்பவில்லை. காலையிலும் மாலையிலும் கண் மூடிக் கும்பிடுகிற பெண். தெரியாததைத் தெரிந்ததாக எழுதினால் பொய்தானே, அதுவும் டாக்டர் பெயரில், அரசாங்கப் பதிவில். அந்தப் பொய்க்குப் பயந்தாள். பயந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? திரும்பி வந்து 'இல்லை' என்பதை அழுத்தினாள். இப்போதைக்குத்தான், அனுமதி கையில் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பென்சிலின் என்று எழுதியதும் என்ன ஆனது என்று எழுதியதும் கண்ணெதிரிலேயே மறைந்துபோயின. சின்னப் பொய்க்குப் பயந்து பெரிய பொய்யைச் சொல்லிவிட்டோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் 'இல்லை'தான் கஷ்டமாக இருந்தது. மிச்சம் அறுபதும் அரை மணி நேரத்தில் முடிந்தன. பட்டை முழுக்கப் பச்சையானது. திரையில் 'வாழ்த்துகள்' என்று வந்தது. கையெடுத்துக் கும்பிட்டு, "கடவுளே, காப்பாத்திட்ட" என்றாள். அந்தக் கும்பிடை நினைத்தால் பின்னாளில் அவளுக்கு உடம்பே கூசும்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. புது முறையில் ஒவ்வொரு மருந்தையும் அவள்தான் ஏற்ற வேண்டியிருந்தது, கூட்டமோ குறையவில்லை. உள்ளேயிருந்து டாக்டர் "சிவப்பா, வெள்ளையா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அட்டைகளைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டிருந்தாலும் அவளுக்கு அத்தனையும் மனப்பாடம். அதனால் கிளினிக்குக்குள் ஒரு தப்பும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவு கிளினிக்குக்குள் மட்டும் இருக்கவில்லை. நாலு மாதமாக அது எல்லா ஊரிலும் 'இல்லை, இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தது.

நாலாவது மாதம் ஒரு திங்கட்கிழமை. வாசலில் வேன் வந்து நின்றது, ஓட்டியது வேறு ஆள். அவள் துடைப்பத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போன் அடித்தது. மெதுவாவின் மனைவி.

"அக்கா, இவரு, அவங்க தம்பி இருக்கற ஊருக்குப் போன இடத்துல வண்டி மோதிடுச்சுக்கா. கால்ல பெரிய காயம், மயக்கம். அங்க ஆஸ்பத்திரியில பதிவைத் திறந்து பார்த்துட்டுத்தான் ஊசி போட்டாங்களாம். சேராத மருந்து எதுவும் இல்லன்னு இருந்துச்சாம். உங்க கிளினிக்ல ஏத்துனதுதானாமே? எப்படிக்கா? உங்க கண்ணு முன்னாலதானே அன்னிக்கு விழுந்தாரு?"

"இப்ப... இப்ப எப்படியிருக்காரு?"

"ஊசி போட்டதும் மூச்சு நின்னு திரும்பி வந்துச்சாம். கண்ணு திறந்துட்டாரு. அதுல வலது கையும் காலும் அசையல. பேச்சு குழறுது."

"என்னன்னு பார்க்கறேம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாலை கடைசி நோயாளி போன பிறகு டாக்டரிடம் சொன்னாள். நின்றுகொண்டே, ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இப்படி எத்தனை பேரு?"

"அறுபத்தொண்ணு ஐயா."

"முதல்ல மத்த அறுபது பேரைப் பார்ப்போம். பரணைத் திற."

அந்தத் தேதிக் கட்டத்துக்கு என்ன செய்வது என்று, சொல்லிக்கொடுக்க வந்த ஆளைப் போனில் பிடித்தாள். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"தேதி தெரியலன்னா வருஷம் மட்டும் போட்டாப் போதும்க்கா. பக்கத்துல 'சுமாராக'ன்னு சின்னதா ஒரு கட்டம் இருக்கே, அதைத் தொட்டா விட்டுடும். நீங்க பார்க்கலையா?"

இருந்தது. கடுகு அளவுக்கு, ஓரத்தில். தொட்டாள், விட்டுவிட்டது. ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவளும் டாக்டரும் உட்கார்ந்து ஐந்து நாளில் அறுபது பேரையும் திருத்தினார்கள். மெதுவாவின் பதிவில் அவர்களுக்கு வேலை இல்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரிக்காரர்களே மருந்தையும் தேதியையும் நேரத்தையும் சரியாக ஏற்றிவிட்டிருந்தார்கள்.

பிறகு விசாரணைக்கு ஒரு அதிகாரி அம்மா வந்தார். சின்ன வயசு, மரியாதையான பேச்சு. மடியில் ஒரு கைக் கம்ப்யூட்டர்.

"இந்தப் பதிவை யார் போட்டது டாக்டர்?"

"நான்தான்."

"நீங்களே டைப் அடிச்சீங்களா?"

"என் பேர்லதானே இருக்கு? நான்தான்."

அதிகாரி பச்சைத் திரையோரம் நின்றவளைத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அவள் தலை மட்டும் அசைந்தது, இல்லை என்று. இரண்டாவது தடவையும் அவள் 'இல்லை' என்றே சொன்னாள். அதற்கும் கடவுள் சாட்சி.

டாக்டருக்கு ஒரு வருடம் வைத்தியம் பார்க்கத் தடை. எழுபது வயதுக்காரர், ஒரு வருடம் கழித்து யார் திறக்கப் போகிறார்கள்? கிளினிக்கின் பெயர்ப் பலகையை அவரே கழற்றினார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள், "எதுக்கு ஐயா அப்படிச் சொன்னீங்க?" என்று அழுதாள்.

"பாஸ்வேர்ட் குடுத்தது நான்தானேம்மா. அப்ப அழுத்துன விரலும் என்னோடதுதான். ஏணியை ஒழுங்காப் பிடி, நான் வேற விழுந்து தொலையப் போறேன்."

அதோடு போயிருந்தால் அவள் வீட்டுக்குள்ளேயே அழுது தீர்த்திருப்பாளோ என்னவோ. போகவில்லை. மெதுவாவின் மனைவி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள், "அந்த டாக்டர்தான் என் புருஷனை முடமாக்கினாரு" என்று. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தெரு அதை நம்பியது. ஒருநாள் காய் வாங்கப் போன இடத்தில் சீட்டக்கா பார்த்தாள். டாக்டர் பையோடு நிற்கிறார். முப்பது வருடமாக "ஐயா வாங்க" என்று எழுந்து நின்ற கடைக்காரர், முகத்தைப் பார்க்காமல் மிச்சக் காசைத் தட்டில் வைக்கிறார். டாக்டர் காசை எடுத்துக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நடந்து போனார்.

அன்றைக்கு அவளால் சாப்பிட முடியவில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டாள். "போய்ச் சொல்லிடட்டுமா?"

எதற்கும் கிண்டல் செய்கிற மனிதர் அன்று செய்யவில்லை. "போய்ச் சொல்லு."

"திட்டுவாங்க."

"திட்டட்டும். இப்பவும் திட்டத்தானே செய்யறாங்க? அது விலாசம் மாறி வேற வீட்டுக்குப் போய்க்கிட்டிருக்கு."

முதலில் அதிகாரி அம்மாவிடம் போனாள். அவர் எழுதி வாங்கிக்கொண்டார். "உண்மையைச் சொன்னீங்க, சேர்த்துக்கறேன். ஆனா ரகசியச் சொல்லைக் குடுத்தது டாக்டர் தப்பு. தடை மாறும்னு நான் சொல்ல முடியாதும்மா" என்றார். அதே காலோடு மெதுவா வீட்டுக்கு நடந்தாள். பத்து நிமிட தூரம். அவளுக்கு முக்கால் மணி ஆயிற்று.

மாடியில் ஒற்றை அறையும் சமையல் இடமும். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள். அவர் சாய்ந்து உட்கார்ந்து, வலது கையில் ஒரு ரப்பர் பந்தை அழுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து அமுங்கவில்லை. அவளைப் பார்த்ததும் ஒரு பக்கமாகச் சிரித்தார்.

"வாங்க... சீட்டக்கா. இப்பத்தான்... நான்... நெசமாவே... மெதுவா."

"உக்காருங்கக்கா" என்று மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "நீங்க ஒருத்தராவது வந்தீங்க. அந்த மனுஷன் எட்டிப் பார்க்கல பாருங்க. இருபது வருஷமா பார்த்த ஆளு, ஒரு வார்த்தை—"

"அவரு இல்லம்மா" என்றாள். "நான்."

"என்ன நீங்க?"

"இல்லைன்னு அழுத்தினது நான்தான். டாக்டருக்கு அப்ப அது தெரியவே தெரியாது. என்னைக் காப்பாத்தத்தான் பழியை ஏத்துக்கிட்டாரு. உன் புருஷனுக்குச் சேராதுன்னு எனக்குத் தெரியும்மா. மருந்து பேரு தெரியும். தேதி கேட்டுச்சு. அது தெரியல. அதனால..."

மனைவி கையில் தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றாள். கட்டிலில் பந்து உருண்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அவர்தான் பேசினார். ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்துப் பேசினார்.

"தேதியா? அது... எனக்குத் தெரியுமேக்கா. எங்க பெரியவ... பொறந்த... மறுநாள். மறக்குமா அது?" மூச்சு வாங்கினார். "தினம்... உங்க வாசல்லதானே... ரெண்டு நிமிஷம்... நிப்பேன். கேட்டிருந்தா... சொல்லியிருப்பேனே."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மன்னிச்சிடுங்க" என்று சொல்லலாம் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள்தான். அந்த வார்த்தை அங்கே மிகவும் சின்னதாகத் தெரிந்தது. சொல்லவில்லை.

மனைவி டம்ளரைத் தரையில் வைத்தாள். கொடியிலிருந்து அவருடைய சட்டையை எடுத்தாள்.

"டாக்டர் இந்நேரம் வீட்டுல இருப்பாரா?"

"இருப்பாரும்மா."

"எவ்வளவு மண்ணை வாரி அவர் மேல தூத்தினேன்... ரெண்டு மாசமா." சட்டையை உதறிக்கொண்டு கட்டில் பக்கம் திரும்பினாள். "ஏங்க, கையைத் தூக்குங்க. அவரைப் போய்ப் பார்த்துட்டு வரலாம். கீழ ஆட்டோ பிடிக்கறேன்."

வலது கை சட்டைக்குள் நுழையவில்லை. சீட்டக்கா எழுந்து, பழக்கத்தில், அந்தக் கையைப் பிடிக்கப் போனாள்.

"வேண்டாம்க்கா" என்றாள் மனைவி, நிமிர்ந்து பார்க்காமல். "நாங்க பார்த்துக்கறோம். நீங்க போங்க."

அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்தாள். எதிர்ச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். சற்று நேரத்தில் ஆட்டோ வந்தது. மனைவியும் டிரைவரும் அவரை இரண்டு பக்கமும் தாங்கி, ஒவ்வொரு படியாக இறக்கி உட்கார வைத்தார்கள். அவர் இவளைப் பார்த்து இடது கையை உயர்த்தினார். மனைவி பார்க்கவில்லை. ஆட்டோ டாக்டர் வீட்டுப் பக்கம் திரும்பியது. அவள் அதற்கு எதிர்ப்பக்கமாக வீட்டுக்கு நடந்தாள்.